பத்தாம் நம்பர் ஸ்பேனரின் விலை



சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ஐந்தாறு கிலோமீட்டர் சாலையில் வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். மதுரை, விருதுநகர், தூத்துக்குடி என்று பல ஊர் வேன்களும் பைக்குகளும் வரும். இந்தப் பக்கம் செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகிற லாரிகள் வேறு. அருவியில் நனைய வருகிற ஜனங்களோடு வண்டிகளும் நனைகின்றன. கிளட்ச் கேபிள் அறுகிறது, செயின் கழல்கிறது, பிரேக் பிடிக்க மாட்டேன் என்கிறது. சீசன் முடிகிற வரைக்கும் நம் மெக்கானிக்குகளுக்குச் சாப்பிட நேரம் இருக்காது.

அந்த மெக்கானிக்கின் கையில் இருக்கிற ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர் ஆகியவற்றைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன். வண்டி வைத்திருக்கிற ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மட்டமான ஸ்பேனரை மெக்கானிக் குறைந்த விலைக்கு வாங்கிவிடுகிறார். அதனுடைய மிச்ச விலையைக் கொடுப்பது நீங்களும் நானும்தான்.

எப்படி என்று சொல்கிறேன். பைக்கில் அதிகம் புழங்குவது பத்தாம் நம்பர் ஸ்பேனர். நட்டின் எதிரெதிர்ப் பட்டைகளுக்கு நடுவே பத்து மில்லிமீட்டர் இருக்கும். அதைப் பிடிக்கிற ஸ்பேனரின் வாய் பத்து மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால்தான் உள்ளே நுழையும். அந்தக் 'கொஞ்சம்' என்பது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஸ்பேனர் நட்டின் பட்டையில் உட்காராது, மூலையில் உட்காரும். இறுகின நட்டில் கையை வைத்து அழுத்தும்போது மொத்த பலமும் ஆறு மூலைகளில் இரண்டின் மேல் விழும். மூலை மழுங்கும், ஸ்பேனர் வழுக்கும், மெக்கானிக்கின் விரல் மொளி சைலன்சரில் போய் இடிக்கும். ரவுண்டாகிப்போன அந்த நட்டை அப்புறம் எந்த ஸ்பேனரும் பிடிக்காது. உளி வைத்து வெட்ட வேண்டும், இல்லையென்றால் வெல்டிங் கடைக்குப் போக வேண்டும். ஐந்து ரூபாய் நட்டுக்கு அரை நாள் வேலையும் கூலியும் போகும். மழையில் நனைந்து துருப்பிடித்த வண்டிகள் வருகிற நம் ஊரில் இது அன்றாடம் நடக்கிற கதை.

நல்ல ஸ்பேனரின் வாய் ஏன் விரிவதில்லை? அது பிறக்கிற விதம் அப்படி. பஞ்சாபில் ஜலந்தர், லூதியானா, ராஜஸ்தானில் நாகவுர் ஆகிய ஊர்கள் கைக்கருவித் தொழிலுக்குப் பேர் போனவை. ஜலந்தரில் இந்தத் தொழிலுக்கென்றே மத்திய அரசின் கைக்கருவி நிறுவனம் இருக்கிறது. நல்ல ஸ்பேனருக்குக் குரோமியமும் வெனேடியமும் கலந்த எஃகுத் துண்டை ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ச்சி, அச்சில் வைத்து, கனமான சம்மட்டி இயந்திரத்தால் அடித்து உருவாக்குவார்கள். பிறகு பிசிறை வெட்டி, வாயைக் கடைந்து, மறுபடி காய்ச்சி எண்ணெயில் முக்கி, மிதமான சூட்டில் பதம் வைப்பார்கள். விஷயமே இந்தப் பதத்தில்தான் இருக்கிறது. கடினம் குறைந்தால் வாய் விரியும். கூடினால் ஒரு நாள் படக்கென்று முறியும். நம் பக்கத்துக் கொல்லுப் பட்டறையில் அரிவாளுக்குப் பதம் பார்க்கிற பெரியவரைக் கேட்டால் இதையேதான் சொல்வார். மலிவு ஸ்பேனரில் மிச்சம் பிடிக்கிற இடமும் இதுவே. வெளியே பளபளவென்று முலாம் இருக்கும், உள்ளே சாதா இரும்பு இருக்கும். 'குரோம் வெனேடியம்' என்று பெரிதாக எழுத்து மட்டும் பொறித்திருப்பார்கள்.

வண்டி வாங்கும்போது கம்பெனிக்காரன் சீட்டுக்கு அடியில் வைத்துத் தருகிற டூல் கிட்டை எடுத்துப் பாருங்கள். தகட்டில் வெட்டின ஸ்பேனர் ஒன்றிரண்டு இருக்கும். வழியில் வண்டி நின்றால் பக்கத்து ஊர் வரை ஓட்டிப் போகச் செய்த சாமான் அது. அதை வைத்து நட்டை முழுதாக இறுக்க நினைக்காதீர்கள்.

விலைக்கு வருகிறேன். பெயர் இல்லாத எட்டு ஸ்பேனர் செட் இருநூறு முந்நூறு ரூபாய்க்கே சந்தையில் கிடைக்கிறது. பெயர் பெற்ற இந்தியக் கம்பெனியின் அதே செட்டுக்கு அதைப்போல் மூன்று மடங்காவது கொடுக்க வேண்டும். டபாரியா என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். 1969இல் ஸ்வீடனின் பாக்கோ நிறுவனத்தின் தொழில்நுட்பக் கூட்டோடு கைக்கருவி செய்யத் தொடங்கினது. நாம் ஸ்க்ரூ ஸ்பேனர் என்று சொல்கிற, வாயைக் கூட்டிக் குறைக்கிற ஸ்பேனருக்கு 1892இல் காப்புரிமை பெற்ற யோஹான்சன் என்பவர் தொடங்கிய கம்பெனிதான் இந்த பாக்கோ. பழைய மெக்கானிக்குகளிடம் கேட்டால் ஜெர்மனிக் கூட்டில் ஃபரிதாபாத்தில் வந்த கெடோர் ஸ்பேனரைச் சொல்வார்கள். எண்ணெய்க் கறையோடு அது இன்னும் சில கடைகளில் உழைத்துக்கொண்டிருக்கிறது. இன்னொரு கோடியில் அமெரிக்காவின் ஸ்னாப்-ஆன். அதில் ஒற்றை ஸ்பேனர் வாங்குகிற காசுக்கு இங்கே ஒரு செட்டே வாங்கிவிடலாம். தென்காசிப் பட்டறைக்கு அது தேவை என்று நான் சொல்ல மாட்டேன். நடுத்தர விலையில் நல்ல இந்தியச் சாமான் தாராளமாகப் போதும். இருநூறு ரூபாய் செட்தான் கூடாது.

எல்லாவற்றுக்கும் காசைக் கொட்ட வேண்டியதும் இல்லை. சுத்தியல், உளி, நெம்புகோல் இவற்றுக்கு உள்ளூர்ப் பட்டறையே போதும். லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையில் அடித்த உளியைவிட நல்ல உளி கடையில் கிடைப்பது அரிது. மேக்னெட் கழற்றுகிற புல்லரை லேத் பட்டறையில் கடைந்து வாங்கிக்கொள்கிறார்கள், அது வருஷக்கணக்கில் வருகிறது. காசு போட வேண்டியது ரிங் ஸ்பேனர், பாக்ஸ் சாக்கெட், ஆலன் கீ, ஸ்டார் டிரைவர் ஆகியவற்றில்தான். சாக்கெட் வாங்கும்போது ஆறு முனை உள்ளதாகப் பார்த்து வாங்கினால், துருப்பிடித்த நட்டைப் பட்டையோடு சேர்த்துப் பிடிக்கும். பன்னிரண்டு முனை நுழைக்கச் சுலபம், ஆனால் மூலைக்குப் பக்கத்தில் பிடிப்பதால் மழுங்கின நட்டில் ஏமாற்றிவிடும்.

ஸ்டார் டிரைவரில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. நம் சாலையில் ஓடுகிற பைக்குகளில் பெரும்பகுதி ஜப்பானிய வடிவமைப்பின் வழி வந்தவை. அவற்றின் கார்புரேட்டர் கிண்ணத்திலும் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியிலும் இருக்கிற ஸ்டார் ஸ்க்ரூவின் பள்ளம் ஜப்பான் தரத்தில் வெட்டப்பட்டிருக்கும். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது பிலிப்ஸ் வகை டிரைவர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் பிலிப்ஸ் நுனி அந்தப் பள்ளத்தில் அடி வரைக்கும் இறங்காது. அழுத்தித் திருப்பினால் எழும்பி வந்து பள்ளத்தையே அரைத்துவிடும். அந்த ஜப்பான் தரத்தின் பெயரான ஜே.ஐ.எஸ். என்று கேட்டு ஒரு டிரைவர் வாங்கி வைத்துக்கொண்டால் எத்தனையோ ஸ்க்ரூ பிழைக்கும்.

இறுக்குகிற பலத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. என் மனம் வருத்தப்படுகிற இடமும் இதுதான். 100 சிசி பைக்கில் ஆயில் வடிக்கிற போல்ட்டை 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கினால் போதும். ஓர் அடி நீளக் கைப்பிடியின் நுனியில் பத்துக் கிலோ பலத்தோடு இழுத்தால் 30 வந்துவிடும். அதே கைப்பிடியில் பைப்பைச் சொருகி இரண்டடி ஆக்கி, "நல்லா இறுக்குடா தம்பி" என்று இருபது கிலோ பலத்தில் இழுத்தால் 120 ஆகிவிடுகிறது, அதாவது நான்கு மடங்கு. போல்ட் எஃகு, எஞ்சின் உடம்போ அலுமினியம். மரை அலுமினியத்தில்தான் உரியும். உரிந்த அன்றே தெரியாது, அடுத்த முறை ஆயில் மாற்றும்போதுதான் போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைச் சரிசெய்ய மரை வெட்டிக் கம்பிச்சுருள் மரை போட வேண்டும், அல்லது எஞ்சின் பகுதியையே மாற்ற வேண்டும். பலத்தை அளந்து இறுக்குகிற டார்க் ரெஞ்ச் ஒன்று பட்டறையில் இருந்தால் இதில் பாதி நடக்காது. அதன் விலை ஒரு நல்ல ஸ்பேனர் செட்டின் விலையைவிட அதிகம் என்பதால் சிறு கடைகளில் பார்ப்பது அபூர்வம்.

கடையில் வாங்குகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஒரு புது பத்து மில்லிமீட்டர் போல்ட்டைச் சட்டைப் பையில் கொண்டுபோங்கள். ஸ்பேனரை அதில் மாட்டி ஆட்டிப் பாருங்கள், லொடலொடவென்று ஆடினால் வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதன் கீழே உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் உண்மையா போலியா என்று தெரிந்துவிடும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு மெக்கானிக் தம்பி என்னைத் திருப்பிக் கேட்கலாம்: "சொல்றது சரிதான் சார், காசுக்கு எங்கே போக?" நியாயமான கேள்வி. மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் கருவி வாங்கப் பதினைந்தாயிரம் ரூபாய் வரை தர ஏற்பாடு உண்டு. அதில் சேர்த்த 18 தொழில்களில் கொல்லர் இருக்கிறார், பூட்டு செய்பவர் இருக்கிறார், சுத்தியல் செய்பவர்கூட இருக்கிறார். மோட்டார் மெக்கானிக் இல்லை. தமிழ்நாடு அரசு 2024இல் அந்தத் திட்டத்தை அப்படியே ஏற்க மறுத்தது, அது வேறு பேச்சு. எந்த அரசு எந்தப் பெயரில் கொடுத்தாலும் மெக்கானிக்கையும் அதில் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

அரசு செய்கிற வரைக்கும் நம் கடைக்கார அண்ணாச்சிமார்களும் ஒன்று செய்யலாம். அமெரிக்காவில் டூல்ஸ் ஏற்றின வேனே பட்டறை வாசலுக்கு வருகிறது, மெக்கானிக் வாரத் தவணையில் கடன் அடைக்கிறார். இங்கேயும் ஸ்பேர் பார்ட்ஸுக்கும் ஆயிலுக்கும் பற்று நோட்டு போடுகிற வழக்கம் இருக்கவே செய்கிறது. அதே நோட்டில் ஸ்பேனர் செட்டையும் எழுதிக்கொள்ளுங்கள் அண்ணாச்சி. ஐ.டி.ஐ. முடித்துப் புதிதாகக் கடை போட்ட பையன் வாரம் நூறு ரூபாய் கட்டினால், ஒரு சீசன் முடிவதற்குள் நல்ல ரிங் ஸ்பேனர் செட் ஒன்று அவன் சொந்தமாகிவிடும். அடுத்த சீசனில் டார்க் ரெஞ்ச் கேட்டு அவனே உங்கள் கடைக்கு வருவான்.