ஒரு மருந்தும் மறு மருந்தும்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே வீட்டோடு வீடு நெருங்கிக் கிடக்கும் ஊர் காத்தான்குடி. அத்தகைய ஊரில் ஒருவர் எந்த வைத்தியரை நாடுகின்றார் என்பதை அயலார் அறிய நெடுநேரம் ஆகாது. ஆதலால் எச்.ஐ.வி. கிருமி உடலிற் புகுந்த ஒருவர், அதற்குரிய குளிசையை வெளியூர்ச் சிகிச்சை நிலையத்தில் மறைவாகப் பெற்று, நீரிழிவுக்கும் நெஞ்செரிவுக்கும் உள்ளூர் மருந்துக் கடையை நாடுதல் இயல்பே. ஆயின் ஓரிடத்தில் தரும் மருந்தை மற்றோரிடத்தார் அறியார். இடர் அங்கேதான் பிறக்கின்றது.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் முதன்மை மருந்தாக விதந்துரைத்தது டொலுடெகிராவிர் என்பதனை. வேறிரண்டு மருந்துகளோடு கலந்து, நாளுக்கு ஒரே குளிசையாக அது வருகின்றது. பழைய மருந்துகளைவிடத் தொல்லையும் குறைவு. எச்.ஐ.வி. கிருமி தன் மரபிழையை நம் உயிரணுவின் மரபிழையோடு பின்னுதற்கு ஒரு நொதியை ஏவுகின்றது. அந்நொதியின் நடுவே உள்ள மக்னீசியத்தை இம்மருந்து இறுகப் பற்றி, அதன் தொழிலை நிறுத்திவிடுகின்றது. உலோகத்தைப் பற்றும் இக்குணமே அதன் குறையும் ஆகின்றது. நெஞ்செரிவுப் பாணிகள் பலவற்றில் அலுமினியமும் மக்னீசியமும் உண்டு. கர்ப்பிணிகள் உண்ணும் குளிசைகளில் இரும்பும் கல்சியமும் உண்டு. வயிற்றிலேயே இவற்றைப் பற்றிக்கொண்ட மருந்து குருதியிற் போதிய அளவு சேராது. உண்டவரோ தவறாமல் உண்டதாகவே நம்பியிருப்பார்.

பரிகாரம் எளிது. நெஞ்செரிவு மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் பின்போ குளிசையை உண்ணவேண்டும். ரமழானில் நோன்பு திறந்ததும் குளிசையை உண்டால், தராவீஹ் தொழுகை முடிந்து வீடு திரும்பும்போது அந்த இரண்டு மணி பெரும்பாலும் கடந்திருக்கும். இரும்பையும் கல்சியத்தையும் உணவோடு சேர்த்து ஒரே வேளையில் உண்பதற்குத் தடையில்லை.

நீரிழிவுக்குரிய மெட்போமின் வேறு வகை. அது சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதை டொலுடெகிராவிர் மந்தப்படுத்துவதால், நாளொன்றுக்கு 1000 மில்லிகிராமுக்கு மேற்படாமல் வைத்தியர் அளவைக் குறைப்பர். தாமாக நிறுத்துதல் கூடாது. காசநோய்க்குரிய ரிபாம்பிசினோ டொலுடெகிராவிரை ஈரலில் விரைந்து அழிக்கும். ஆகவே 50 மில்லிகிராம் இருவேளை தரப்படும்; காசநோய்ச் சிகிச்சை முடிந்தபின்னும் இரு வாரம் அவ்வாறே.

ஊர் மருந்துக் கடையில் நோயின் பெயரைச் சொல்லத் தயங்குவோர் மறுவழியிற் செல்லலாம். சிகிச்சை நிலையத்தார் அந்த இரகசியத்தை முன்னரே அறிந்தவர்கள். வீட்டிலுள்ள குளிசை, பாணி, சூரணம், லேகியம் அனைத்தையும் ஒரு பையிலிட்டு அடுத்த தவணையில் அவர்முன் வைத்தாற் போதும்.