கச்சேரி வசூலும் கூத்து வாத்தியார் சம்பளமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு "சமுதாயப் பணியில் பொறியாளரின் பங்கு". மன்னிக்க வேண்டும், அவ்வளவு பெரிய தலைப்பில் பேச எனக்கு வயதும் போதாது, விஷயமும் போதாது. ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ பாக்டரியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். கன்வேயர் நின்றால் என்னைக் கூப்பிடுவார்கள், ஓடினால் என் ஞாபகம் யாருக்கும் வராது. அதனால், நானும் நம் பேட்ச் நண்பர்கள் நாலு பேரும் பிள்ளைகளுக்கான ஒரு மாலை வகுப்புக்குப் பணம் திரட்டப் போய்ப் பட்ட பாட்டை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஷூ பாக்டரி லைனில் உட்கார்ந்து தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். திரும்ப இறக்கிவிடும்போது ஆறரை ஆகும். பள்ளிக்கூடம் விடுவதோ நாலு, நாலேகால். இந்த இரண்டு மணி நேரத்துக்கு மேலான இடைவெளியில் பிள்ளை எங்கே இருக்கும்? பாட்டி இருக்கிற வீட்டில் பரவாயில்லை. பாட்டி இல்லாத வீட்டில் செல்போனோடு இருக்கும், அல்லது தெருவில் இருக்கும். 2021ல் அரசு "இல்லம் தேடிக் கல்வி"யைத் தொடங்கி, மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் தன்னார்வலர்களை வைத்து மாலையில் பாடம் சொல்லித்தர வைத்தபோது, இந்த இடைவெளியின் அருமை பல அம்மாக்களுக்குப் புரிந்தது. எங்களுக்கும் அப்போதுதான் புரிந்தது.

நாங்கள் ஒரு கடைக்கு மேலே மாடியை வாடகைக்குப் பிடித்தோம். ஒரு மணி நேரம் வீட்டுப்பாடம், ஒரு மணி நேரம் கூத்தும் மிருதங்கமும். ஏன் கூத்து என்று கேட்டவர்கள் உண்டு. "கீபோர்டு, டான்ஸ் எல்லாம் இல்லையா?" என்று கேட்டவர்களும் உண்டு. பழைய வடஆர்க்காடு கூத்துக்குப் பேர்போன மண் ஐயா! திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து, கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் என்று இன்றைக்கும் நடக்கிற பூமி. மிருதங்கத்துக்கு ஆடு, மாடு, எருமை மூன்றின் தோலும் வேண்டும். நம் தொழிற்சாலைகளில் பதம் பண்ணுகிற குரோம் தோல் அதற்கு ஆகாது, பதனிடாத பச்சைத் தோல்தான் பேசும். தோல் ஊரில் பிறந்து முப்பது வயதில்தான் இது எனக்குத் தெரிந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

சரி, பணத்துக்கு வருவோம். மாதச் செலவு இருபத்து நாலாயிரம். கூத்து வாத்தியாருக்கு ஒன்பது, பாடம் சொல்லித்தரும் அக்காவுக்கு ஆறு, பிள்ளைகளுக்குச் சுண்டல், பால் வகையில் ஆறு, வாடகையும் கரண்டும் மூன்று. ஆறு மாதம் எங்கள் பாக்கெட்டிலிருந்து போட்டோம். அதற்கு மேல் வீட்டில் கேள்வி வர ஆரம்பித்தது. (என் மனைவி இங்கே முன் வரிசையில்தான் இருக்கிறார்.) "ஒரு லைட் மியூசிக் நைட் வைத்துவிடலாம்டா, ஒரே அடியில் ஒரு வருஷத்துக்கு வந்துவிடும்" என்றான் ஒரு நண்பன். வேலூரில் மண்டபம் பிடித்தோம். டிக்கெட் 500 ரூபாய். கச்சேரி, நாடகம் போன்றவற்றுக்கு ஆளுக்கு 500 வரை நுழைவுக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பதால் அங்கேயே நிறுத்திக்கொண்டோம். மூன்று மாதம் ராத்திரி தூக்கமில்லை. ஜனம் வந்தது, விசில் அடித்தது, பத்திரிகையில் போட்டோவும் வந்தது.

மறுநாள் காலை கணக்குப் பார்த்தோம். வரவு 6,12,000. செலவு: ஆர்க்கெஸ்ட்ரா 2,75,000, மண்டபம் 80,000, சவுண்டு, லைட் 90,000, பேனர், டிக்கெட், மலர் அச்சு 48,000, சாப்பாடு 65,000, சிறப்பு விருந்தினர் கார், பொன்னாடை, நினைவுப் பரிசு 22,000. மீதி முப்பத்திரண்டாயிரம். அதாவது வகுப்பை நாற்பது நாள் நடத்தலாம். ஒரு மண்டலம்கூடத் தேறவில்லை! ஆறு லட்சம் கொடுத்த ஜனங்களிடம் எந்த முகத்தோடு இதைச் சொல்வது? சொல்லவில்லை. அந்தக் கணக்கை நாங்கள் யாருக்கும் அனுப்பவில்லை. முதல் தடவையாக இந்த மேடையில்தான் படிக்கிறேன்.

கச்சேரி வைப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா 1944ல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காகக் கச்சேரிகள் செய்தார். பொதுக் காரியங்களுக்காகப் பாடிப் பாடியே 1974ல் பொதுச்சேவைக்கான மகசேசே விருது வாங்கினார். சங்கீதத்துக்காக அல்ல, பொதுச்சேவைக்காக என்பதைக் கவனியுங்கள். மேடையில் இருப்பவரே காரியத்துக்குச் சொந்தக்காரராக இருந்தார். எங்கள் மேடையில் இருந்தவர்களுக்கு அது இன்னொரு புரோகிராம். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அது அவர்கள் பிழைப்பு.

அன்று சாயந்திரம் வாத்தியார் வந்தார். ஆரணிப் பக்கத்துக்காரர், அறுபது வயது. சீசனில் ராத்திரி ஆட்டம், பகலில் தூக்கம். சீசன் போன பிறகுதான் கஷ்டம். "தம்பி, விழா ஜோரா இருந்துச்சு. நம்ம புள்ளைங்கள மேடையில ஏத்தல, அது போவட்டும். எனக்கு மாசம் பொறந்தா சம்பளம் வருமா, வராதா? அத மட்டும் சொல்லுங்க" என்றார். இதற்கு எங்கள் அஞ்சு பேரிடமும் பதில் இல்லை.

பதில் இல்லாததற்குக் காரணம் உண்டு. கொடுக்கிறவர்கள் மிருதங்கம் வாங்கித் தருவார்கள், பேன் மாட்டித் தருவார்கள், பேரும் எழுதிக்கொள்வார்கள். எங்கள் மாடியில் மூன்று மிருதங்கம் இருக்கிறது, அதை வாசிக்கச் சொல்லித்தருகிறவர் சம்பளத்துக்கு ஆள் கிடையாது. சம்பளத்தின் மேல் பெயர் எழுத முடியாது பாருங்கள். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சை அரசந்தாங்கலில் பெ. ராஜகோபால் அவர்களும் ஹன்னே டி ப்ருயின் அம்மையாரும் சேர்ந்து 2002ல் கட்டைக்கூத்து குருகுலம் தொடங்கினார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்பும் கூத்தும் சேர்ந்தே கிடைத்தது. ஆண்களே ஆடிவந்த கூத்தில் அங்கே பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். அதுவும் 2020ல் மூடப்பட்டது. பதினெட்டு வருஷம் நடந்த இடத்துக்கே அந்த நிலை என்றால் எங்கள் மாடி எம்மாத்திரம் என்று எனக்குப் பயம் வந்தது.

வழி காட்டியவரும் வாத்தியார்தான். "ஊருல கூத்து எப்புடி வைக்கிறாங்க? தலைக்கட்டு வரி போடுறாங்கல்ல?" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கூத்துக்குத் தலைக்கட்டு வரி உண்டு, வீட்டுக்கு இவ்வளவு என்று. நடு ஆட்டத்தில் யாராவது பத்து ரூபாய் கொடுத்தாலும் கட்டியங்காரன் ஆட்டத்தை நிறுத்திப் பேரைச் சொல்லி வாழ்த்துவான். கல்யாண வீட்டு மொய் நோட்டும் அதே சங்கதிதான். புதுக்கோட்டை, பேராவூரணி பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து வைத்து, கறிச்சோறு போட்டு, லட்சக்கணக்கில் மொய் வாங்குகிறார்கள். அந்த நோட்டை யாரும் தொலைப்பதில்லை. யார் எவ்வளவு கொடுத்தார், யாருக்கு எவ்வளவு திரும்பக் கொடுக்க வேண்டும் என்று பேரன் காலம் வரை கணக்கு நிற்கும். நிதி திரட்டும் விழா என்று நாம் என்னமோ புதுசாகக் கண்டுபிடித்த மாதிரி பேசுகிறோம்.

இரண்டாம் வருஷம் பிள்ளைகளையே ஆடவைத்தோம். அபிமன்னன் சண்டை, இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கி, தெருமுனையில். சவுண்டு செட்டுக்காரர் எங்கள் பிள்ளை ஒருத்தியின் மாமா. வாசலில் மேஜை போட்டு மொய் நோட்டு. ஆட்டத்துக்கு நடுவே ஒரு பையன் தமிழிலும் உருதுவிலும் பேர் படித்தான். இருபது ரூபாய் கொடுத்த பெரியவர் தன் பேர் மைக்கில் வந்ததும் எழுந்து நின்று சலாம் வைத்தார். பாக்டரி வேன் ஒன்று நேரே தெருமுனைக்கே வந்து நின்றது. இறங்கின அம்மாக்கள் வீட்டுக்குக்கூடப் போகாமல் டிபன் கேரியரோடு உட்கார்ந்து பார்த்தார்கள். துரோணர் வேஷம் கட்டிய பெண்ணின் அம்மா என்னிடம் வந்து, "அண்ணா, இவ வீட்டுல வாயத் தொறக்க மாட்டா" என்றார். அதற்கு மேல் அவருக்குப் பேச வரவில்லை.

வரவு 1,46,000. செலவு 21,000. முதல் வருஷ வரவில் கால் பங்கு கூட இல்லை, ஆனால் கையில் நின்றது ஐந்து மாதச் செலவு. ஆட்டம் முடிந்ததும் இந்தக் கணக்கை மைக்கிலேயே படித்தோம். முதல் வருஷம் செய்யாத காரியம். அதே நோட்டில் எழுபத்தொரு பேர் மாதம் நூறு ரூபாய் தருவதாக எழுதினார்கள். இப்போது தருபவர்கள் ஐம்பத்திரண்டு பேர். பத்தொன்பது பேர் நின்றுவிட்டார்கள். வேலை போனவர்கள், ஊர் மாறினவர்கள். சிலர் சும்மாவே நின்றுவிட்டார்கள், அதையும் மறைப்பானேன்.

"கம்பெனிகளைக் கேட்கலாமே, சி.எஸ்.ஆர். இருக்கிறதே" என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. 2013 கம்பெனிச் சட்டப்படி நிகர லாபம் ஐந்து கோடியைத் தொட்டாலே, கடந்த மூன்று வருஷச் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வி மட்டுமல்ல, பாரம்பரியக் கலை வளர்ச்சியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் பணம் வாங்குகிற வெளி அறக்கட்டளை குறைந்தது மூன்று வருஷம் வேலை செய்து காட்டியிருக்க வேண்டும் என்பதும் விதி. எங்களுக்கு இரண்டு வருஷமும் ஒரு மாதமும் ஆகிறது. இன்னும் பதினொரு மாதம் தாண்டினால்தான் அந்தக் கதவைத் தட்டவே முடியும். கூத்து வசூல் கரைந்துவிட்டது. ஐம்பத்திரண்டு பேர் நூறு ரூபாய் போக, மாதம் 18,800 துண்டு விழுகிறது. வரும் மாதச் சம்பளத்துக்குக் கையில் பணம் இல்லை. வாத்தியாரை வேறொரு ஊரிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். பத்தாம் தேதிக்குள் சொல்வதாக நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

188 பேர் மாதம் நூறு ரூபாய், பதினொரு மாதம். இவ்வளவுதான் கணக்கு. அறக்கட்டளைக்கு வருமானவரிச் சலுகை உண்டு. வரிச் சலுகை வேண்டும் என்பவர்கள் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தராதீர்கள், பேங்க் வழியாகத் தாருங்கள்; ரொக்கத்துக்குச் சலுகை கிடையாது. மாணவத் தம்பி தங்கைகள் பணம் தர வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் சாயந்திரம் வந்து கணக்குச் சொல்லிக்கொடுங்கள், எங்கள் அக்காவுக்கு எட்டாம் வகுப்பு அல்ஜீப்ரா தகராறு. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான்.

சாப்பாட்டுப் பந்தி வாசலில் ஒரு மேஜையும் மொய் நோட்டும் வைத்திருக்கிறேன். முதல் வரியில் என் பேர். இரண்டாவது வரியில் நம் மெக்கானிக்கல் லேப் அண்ணன், போன வருஷம் ரிட்டயர் ஆனவர், நான் பேச ஏறுவதற்கு முன்பே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். பிரியாணி ஆறுவதற்குள் முடித்துக்கொள்கிறேன்.