திருப்பாத அப்பம்



இந்தத் தவக்காலச் சிந்தனையை ஒரு விளையாட்டோடு தொடங்குவோம். நான்கு சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அவற்றை இணைப்பது எது என்று நீங்கள் சொல்ல வேண்டும். முதல் சொல், மீன். இறைவாக்கினர் யோனா என்பார் ஒருவர், தோபியா என்பார் விவிலியத்தை நன்கு படித்த இன்னொருவர். இரண்டாவது, பாறை. இப்போது கொஞ்சம் தயக்கம் வருகிறது. மூன்றாவது, திறவுகோல். நான்காவது, சேவல். மறைக்கல்விப் பிள்ளைகள் இந்நேரம் கத்தியிருப்பார்கள், பேதுரு என்று!

இங்கிலாந்தில் பிபிசி தொலைக்காட்சி 2008ஆம் ஆண்டு முதல் 'ஒன்லி கனெக்ட்' என்ற பெயரில் இப்படி ஒரு போட்டியை நடத்தி வருகிறது. முதல் குறிப்பிலேயே இணைப்பைச் சொன்னால் 5 மதிப்பெண், இரண்டாவதில் 3, மூன்றாவதில் 2, நான்கையும் பார்த்த பிறகு சொன்னால் 1. 2023இல் அமெரிக்காவின் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 'கனெக்ஷன்ஸ்' என்ற புதிரைத் தொடங்கியது. 16 சொற்களை நான்கு நான்காகப் பிரிக்க வேண்டும். நான்கு முறை தவறினால் ஆட்டம் முடிந்தது. இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் சிலரும் காலையில் எழுந்ததும் செல்பேசியில் இதைத்தான் பார்க்கிறார்கள். (அதற்கு முன் சிலுவை அடையாளம் போட்டால் நன்று.)

இந்தப் புதிரை அமைப்பவர்கள் ஒரு பொறி வைப்பார்கள். தமிழிலேயே சொல்கிறேன், கேளுங்கள்: ஞாயிறு, செவ்வாய், வியாழன், சனி, வெள்ளி, தங்கம், செம்பு, இரும்பு. எட்டுச் சொற்கள், இரண்டு கூட்டம். வெள்ளி கிழமையாயிற்றே என்று அவசரமாக அந்தப் பக்கம் தள்ளினால், இந்தப் பக்கம் மூன்று உலோகங்கள் துணையின்றி நிற்கும். வெள்ளியின் இடம் இங்கேதான். கண்ணில் முதலில் படுகிற கூட்டம்தான் நம்மை ஏமாற்றுகிறது.

நம் பங்குக்குப் புதிதாக ஒரு குடும்பம் வருகிறது என்று வையுங்கள். திருப்பலி முடிந்து வெளியே வருகிறார்கள். எந்த ஊர் என்று கேட்கிறோம். எந்தத் தெரு, யாருக்குச் சொந்தம் என்று கேட்கிறோம். நான்காவது கேள்வியை வாய்விட்டுக் கேட்பதில்லை. முதல் மூன்று பதில்களிலிருந்து ஊகித்துக்கொள்கிறோம். அந்த நான்காவது கேள்வியின் பெயர் சாதி. அதன்பின் அவர்களை எந்த அன்பியத்தில் சேர்ப்பது, திருவிழாவில் தேர்வடம் பிடிக்க விடலாமா என்பதெல்லாம் அந்த ஊகத்தின்படியே நடக்கிறது. தமிழகத்தில் சில இடங்களில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர் எழுப்பியிருக்கிறோம். சுவருக்கு இந்தப் பக்கமும் சிலுவை, அந்தப் பக்கமும் சிலுவை. நவம்பர் 2ஆம் நாள் குருவானவர் இரண்டு பக்கமும் போய் ஒரே மன்றாட்டைச் சொல்லித் தீர்த்தம் தெளிக்கிறார்.

ஆண்டவர் தெரிந்துகொண்ட பன்னிருவரின் பட்டியலைப் பாருங்கள். மத்தேயு வரி தண்டுபவர், ஊரார் கண்ணில் அன்னிய ஆட்சியின் கையாள். சீமோனுக்குத் 'தீவிரவாதி' என்று பெயர். அந்தச் சொல் ஓர் இயக்கத்தைக் குறிக்கிறதா, சட்டத்தின்மீது அவருக்கிருந்த பற்றைக் குறிக்கிறதா என்பதில் விவிலிய அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எப்படியானாலும், சுங்கச்சாவடியில் உட்கார்ந்திருந்தவரோடு விரும்பிப் பழகக்கூடிய ஆள் அல்ல அவர். இந்த இருவருக்கும் பொதுவானது எது என்று நாசரேத்திலோ கப்பர்நாகுமிலோ கேட்டிருந்தால், ஒன்றுமில்லை என்றே பதில் வந்திருக்கும். நற்செய்தி நூல்களிலும் திருத்தூதர் பணிகளிலும் பன்னிருவரின் பட்டியல் நான்கு இடங்களில் வருகிறது. மத்தேயு நற்செய்தியில் மட்டுமே 'வரி தண்டியவர்' என்ற அடைமொழி இருக்கிறது. அழைக்கப்பட்ட பிறகும் பழைய பெயரை அங்கே மறைக்கவில்லை என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒன்றாக இருப்பதற்கு எல்லாரும் ஒரே மாதிரி இருந்தாக வேண்டும் என்று ஆண்டவர் கேட்கவில்லை.

வட இந்தியாவில் இதேபோன்ற பழைய விளையாட்டு ஒன்று உண்டு. டெல்லியில் வாழ்ந்து 1325இல் இறந்த கவிஞர் அமீர் குஸ்ரோவின் பெயரால் அது வழங்கி வருகிறது. தொடர்பே இல்லாத கேள்விகளை அடுக்கி எல்லாவற்றுக்கும் ஒரே விடை கேட்பார்கள். வெற்றிலை அழுகியது ஏன்? குதிரை அடம்பிடித்து நின்றது ஏன்? ரொட்டி கருகியது ஏன்? விடை ஒன்றுதான்: திருப்பாததால். வெற்றிலைக் கட்டை அவ்வப்போது திருப்பி வைக்க வேண்டும் என்று வெற்றிலைக் கடைக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார். ரொட்டியைப் பற்றி நம் தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

குஸ்ரோவுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இறைவாக்கினர் ஓசேயா இதைச் சொல்லியிருக்கிறார். அவருடைய நூலின் ஏழாம் அதிகாரத்தில் அடுப்பும் மாவும் அப்பம் சுடுபவரும் வருகிறார்கள். எப்ராயிமை அவர் திருப்பிப் போடாத அப்பத்துக்கு ஒப்பிடுகிறார். அக்காலத்தில் சூடான கல்லின்மேல் அப்பம் சுடுவார்கள். ஒரு பக்கம் கரி, மறுபக்கம் பச்சை மாவு, இரண்டையும் தின்ன முடியாது. கோவிலுக்கு வருகிற பக்கம் நன்றாக வெந்திருக்கிறது, அயலாரைப் பார்க்கிற பக்கம் மாவாகவே இருக்கிறது என்றால், அது நம்மைப் பற்றிய சொல் அல்லவா?

திருநீற்றுப் புதனன்று நாம் வரிசையில் நின்றோம். மனம் திரும்புங்கள் என்று சொல்லி எல்லார் நெற்றியிலும் ஒரே கிண்ணத்துச் சாம்பலைப் பூசினார்கள். ஆயரும் அதைப் பெற்றுக்கொள்கிறார், பீடச்சிறுவனும் பெற்றுக்கொள்கிறான், கல்லறைத் தோட்டச் சுவருக்கு இருபுறமும் நாளை போகப்போகிறவர்களும் பெற்றுக்கொள்கிறார்கள். அன்று யாரும் யாரிடமும் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்கவில்லை.

உங்கள் அன்பியக் கூட்டத்துக்கு ஒரு புதிரைத் தந்துவிட்டு விடைபெறுகிறேன். லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரம். நூறில் ஒரு ஆடு, பத்தில் ஒரு நாணயம், இருவரில் இளைய மகன். மூன்றையும் இணைப்பது எது என்பது குழந்தைக்கும் தெரியும். நான்காவதாக மூத்த மகனை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் வயலைவிட்டு வேறெங்கும் போகவில்லை, சொத்தை அழிக்கவில்லை, இப்போது ஆடல் பாடல் கேட்கிற வீட்டுக்கு வெளியே கோபத்தோடு நிற்கிறான். பேசும்போதுகூட, தம்பி என்று சொல்லாமல் 'உம் மகன்' என்றுதான் தந்தையிடம் சொல்கிறான். தந்தை வெளியே வந்து அவனை அழைக்கிறார். அவன் உள்ளே போனானா என்பதை லூக்கா எழுதவில்லை. முதல் மூன்றோடு அவனைச் சேர்க்கலாமா?

அடுத்த வாரம் இதே நேரத்தில் சந்திப்போம்.