விறகு சுமக்கிற நமக்கு விறகுக் கணக்கும் வேண்டும்

(கலவானவில் நடந்த தோட்ட இளைஞர், பெற்றோர் கூட்டத்தில் பேசியது)



தரம் 10 பிள்ளைகளிடம், படித்து முடித்து என்ன வேலைக்குப் போவீர்கள் என்று கேட்டேன். கொழும்புக் கடை, கார்மண்ட், வெளிநாடு என்று பதில் வந்தது. ஒரு பிள்ளை மட்டும், "சேர், ஸ்டோருக்கு வர்ற விறகை அளக்கிறாங்களே, அதுக்கு என்ன படிக்கணும்?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளுடைய அம்மா விறகு அடுக்கப் போகிறவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் ஸ்டோரில் ஒரு கிலோ தேயிலை காய்வதற்கு ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு கிலோ விறகு எரிகிறது. இத்தனை காலம் பிடுங்கிப் போட்ட கிழட்டு இறப்பர் மரம் அதற்குக் கைகொடுத்தது. இறப்பர் மலை குறையக் குறைய விறகுக்கு என்ன செய்வது? 2005ஆம் ஆண்டு அரசாங்கம் கிளிரிசீடியாவைத் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது தோட்டப் பயிராக அறிவித்தது. வேலிக்கும் நிழலுக்கும் நாம் ஊன்றுகிற அதே கம்புதான். வெட்ட வெட்டத் துளிர்க்கும், தழை உரமாகும், ஆடு மாடு தின்னும். திருகோணமலையில் டோக்கியோ சிமெண்ட் நிறுவனம் மரத்தையும் உமியையும் எரித்து மின்சாரமே எடுக்கிறது.

ஆக, விறகு இப்போது ஒரு தொழில். எந்தச் சரிவில் எத்தனை அடிக்கு ஒரு கம்பு, எத்தனை மாதத்துக்கு ஒரு வெட்டு, மண் கரையாமல் எப்படிக் காப்பது என்று திட்டம் போட ஆள் வேண்டும். நாற்றுமேடைக்கு ஆள் வேண்டும். ஈரம் அளக்க, கணக்கு எழுத ஆள் வேண்டும். 2017 மே மாத மண்சரிவைப் பார்த்த நமக்குச் சரிவில் மரம் நிற்பதன் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்திலே சிங்கராஜ வனம். விறகு காட்டிலிருந்து வந்ததா, நட்டு வளர்த்ததா என்று வாங்குகிறவன் கேட்கும் காலம் இது. அதற்கென்றே எஸ்.எல்.எஸ். 1551 என்ற நியமம் இருக்கிறது. அந்தப் பதிவேட்டை எழுதுவதும் ஒரு உத்தியோகம்தான்.

அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்ல, பாடசாலைக்குப் பின்னால் கிடந்த விறகை அளந்து பார்த்தோம். நீளம், அகலம், உயரம் பெருக்கினோம். பிறகு அதே விறகை நெருக்கி அடுக்கி மறுபடி அளந்தோம். கணக்கு குறைந்துவிட்டது! விறகு அதேதான். நன்றாக அடுக்குகிறவருக்கு அளவுப்படி கூலி கொடுத்தால் யாருக்கு நட்டம் என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். நிறுத்துக் கொடுப்பதிலும் இதே கதை. பச்சை விறகின் பாரத்தில் பாதிக்குப் பாதி தண்ணீர். ஈரம் அளக்கத் தெரிந்தவன் சொல்லுவதுதான் விலை. அந்த ஆள் எப்போதும் வெளியாளாகவே இருக்க வேண்டுமா?

படிப்பைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். நம் மாவட்டத்திலேயே, பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில், இயற்கை வளங்களுக்கென்று ஒரு துறை இருக்கிறது. ஆனால் அதற்கு உயர்தரத்தில் விஞ்ஞானம் வேண்டும். நம் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் அது கிடைப்பது அரிது. அங்கே போனாலும் படிப்பு ஆங்கிலத்தில். நம் மாவட்டத்திலேயே இருக்கிற கதவுக்கு நம்மிடம் சாவி இல்லை என்பது எனக்கு ஆசிரியராக வெட்கம், சங்கக்காரனாகக் கோபம். நுவரெலியாவில் வனவியல் கல்லூரி இருக்கிறது. சாதாரண தரத்தோடு நின்ற பிள்ளைகளுக்குத் தேசிய தொழில் தகைமைப் பயிற்சிகள் இருக்கின்றன. அதில் சேர வயதையும் காலத்தையும் தவறவிடாதீர்கள்.

தோட்டத்தில் கைவிட்ட தேயிலை மலையை விறகுக் காடாக்கப் போகிறார்கள் என்றால், கொழுந்து பறித்தவர்களின் வேலைநாள் என்னவாகும் என்று முதலில் கேளுங்கள். நாற்றுமேடை வேலை அவர்களுக்குத்தான் என்று எழுத்தில் வாங்க வேண்டும். அளவையாளர் பயிற்சியில் தோட்டப் பிள்ளைகளுக்கு இடம், அதுவும் தமிழில், வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தைக்கு இதை எழுதிக்கொண்டு போகிறோம்.

சாதாரண தரம் எழுதிய பிள்ளைகள் உள்ள வீட்டார் போவதற்கு முன் பெயரையும் பெறுபேற்றையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். கணக்கில் குறைந்த பிள்ளை என்று வெட்கப்பட வேண்டாம். சனிக்கிழமை பின்னேரம் நான் பாடசாலையில்தான் இருப்பேன்.