சரியா, பிழையா?

பாடசாலை வினாத்தாள்களிலும் பொது அறிவுப் போட்டிகளிலும் “சரியா, பிழையா?” என்னும் பகுதி மிக எளிதாகத் தோன்றுவது. இரண்டில் ஒன்றுதானே விடை! ஆயினும், கற்றவரும் இடறும் இடம் அதுவே.

எல்லா வாக்கியங்களையும் இவ்வாறு சோதித்தல் இயலாது. “கதவைச் சாத்து” என்பது ஏவல், “மழை வருமா?” என்பது வினா. இவற்றில் மெய்யுமில்லை, பொய்யுமில்லை. ஒன்றைக் குறித்து உண்டென்றோ இல்லையென்றோ துணிந்து உரைக்கும் கூற்றே சோதனைக்குரியது.

“சிவனொளிபாதமலை இலங்கையிலே மிக உயர்ந்ததும், உச்சியிற் பாதச்சுவடு உடையதும் ஆகும்” என்று ஒரு கூற்று வருகிறதென்க. பாதச்சுவட்டை யாவரும் அறிவர். அந்த மெய்யின் நிழலில் முற்பகுதியும் மெய்போல ஒதுங்கிக்கொள்கிறது. ஆனால், சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீற்றர். பிதுருதலாகலையின் உயரமோ 2,524 மீற்றர். “உம்” கொண்டு இணைத்த கூற்றில் ஓர் உறுப்புப் பிழைத்தாலும் முழுவதும் பிழையே. “அல்லது” என்று இணைத்திருந்தால், ஓர் உறுப்பு மெய்யாதலே போதும்.

இதனினும் நுட்பமானது, கூற்றைத் திருப்பும்போது நேரும் வழு. “நீண்ட தந்தமுடைய இலங்கை யானை ஆண்யானை” என்பது சரி. ஆகவே, “தந்தமில்லாதது பெண்யானை” என்றால் அது பிழை. இலங்கையின் ஆண்யானைகளுட் பெரும்பாலானவை தந்தமற்றவை. புகை கண்டவிடத்து நெருப்பை உய்த்துணரலாம். நெருப்புள்ள இடமெல்லாம் புகையைத் தேடலாகாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பிற் புகை ஏது? இவ்வாராய்ச்சியைப் பழந்தமிழர் ‘அளவை’ என்றனர். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு இதனையே விரித்துரைக்கிறார்.

இவ்வறிவு வினாத்தாளோடு நிற்பதன்று. சந்தையிற் கூக்குரல் எழுகிறது, ஒருவன் ஓடுகிறான். “திருடன் ஓடுவான், இவன் ஓடுகிறான், ஆகவே, இவனே திருடன்” என்று கூட்டம் துணிகிறது. அவன் பஸ் வண்டியைப் பிடிக்க ஓடியவனாயிருக்கலாம். திருடனைத் துரத்தி ஓடியவனாயுமிருக்கலாம். வினாத்தாளிற் பிழைத்த மாணவன் இழப்பது ஒரு புள்ளி. இங்கே பிழைப்பது கூட்டம். இழப்பவனோ குற்றமற்ற ஒருவன். கை ஓங்குமுன் “ஓடுபவர் யாவரும் திருடரோ?” என்று ஒருவரேனும் வினவுவாராயின், அவ்வொரு வினா அவனைக் காக்கும்.