முசலமும் மண்ணெண்ணெயும்



எமது பாடசாலை விஞ்ஞான நூல்களிலே பிஸ்ரனுக்கு முசலம் என்று பெயர். முசலம் என்றால் உலக்கை. பலராமனின் ஆயுதங்களுள் ஒன்று அது. யாதவர் குலம் அழிந்த கதையைச் சொல்லும் பாரதப் பகுதிக்கு மௌசல பர்வம் என்றே பெயர். எந்தக் கராஜிலும் இந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. அங்கே அது பிஸ்ரன்தான். இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் படிப்பிக்கும் எனக்கே அது பரீட்சைத் தாளுக்குரிய சொல்லாகத்தான் பட்டது. ஆனால் அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளின் இயந்திரத்தை வீட்டு விறாந்தையிலே கழற்றி, உருளைக்குள் இறுகிக் கிடந்த பிஸ்ரனை மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி வெளியே எடுத்தபோது, சொல் வகுத்தவர்கள் உரலையும் உலக்கையையும் நன்றாகப் பார்த்தவர்கள் என்பது விளங்கிற்று.

வண்டி சுசூக்கி ஏ-100. கொள்ளளவு 98 கன சென்ரிமீற்றர். உருளையின் விட்டம் 50 மில்லிமீற்றர். முசலம் ஏறி இறங்கும் தூரமும் 50 மில்லிமீற்றர். ரூ ஸ்ரோக் எனப்படும் ஈரடிப்பு இயந்திரம். நான்கடிப்பு இயந்திரத்தில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிபொருள் வெடிக்கும். இதிலே சுற்றுக்கு ஒருமுறை. தலையிலே வால்வுகள் கிடையா. உருளைச் சுவரில் வெட்டிய வாசல்களை முசலமே போகிற போக்கில் திறந்து மூடிக்கொள்ளும். கீழேயுள்ள சுழலித்தண்டின் அறைதான் கலவையை உறிஞ்சி மேலே தள்ளும் பம்பி. ஆகவே அந்த அறையின் றப்பர் சீல்கள் காய்ந்து வெடித்தால் வெளிக்காற்று புகும், கலவை மெலியும், சூடு ஏறும், பிஸ்ரன் பிடித்துக்கொள்ளும். பாகங்கள் குறைவு, ஆனால் ஒன்றின் குறையை மற்றொன்று மறைக்காது.

பக்க மூடியைத் திறந்தால் மெல்லிய வட்டத் தட்டொன்று இருக்கும். கலவை உள்ளே வரும் வழியைத் திறந்து மூடுவது அதுதான். கிழக்கு ஜேர்மனியில் வோல்ற்றர் காடன் என்ற பொறியியலாளர் உருவாக்கிய எம்.இஸட். பந்தய வண்டிகளிலும் இவ்வகைத் தட்டே இருந்தது. அவருடைய ஓட்டுநர் ஏர்ன்ஸ்ற் டெக்னர், பேர்லின் சுவர் எழுந்த 1961 இலேயே, சுவீடனில் நடந்த பந்தயத்தோடு நாட்டை விட்டு ஓடினார். போய்ச் சேர்ந்தது சுசூக்கியிடம். அடுத்த ஆண்டு 50 சி.சி. உலகப் பட்டம் சுசூக்கிக்குக் கிடைத்தது. ஓடிப்போகிறவன் பெட்டி கொண்டு போகாவிட்டாலும் தொழிலைக் கொண்டுபோய்விடுகிறான்.

இனி மண்ணெண்ணெய்க்கு வருகிறேன். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் பத்திரப்படுத்திய சில சொட்டுப் பெற்றோலை விட்டு உதைப்பார்கள். இயந்திரம் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த நிலையில் அது இலகுவில் ஆவியாகாது. எரிந்து முடியாத மிச்சம் உருளைச் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். நான் படித்த போத்தல் விளக்குக்கும் அப்பாவின் வண்டிக்கும் ஒரே கலனிலிருந்துதான் ஊற்றுவோம். பரீட்சைக் காலத்தில் வண்டி கொட்டிலில் நிற்கும்.

அந்த ஆண்டுகளைப் பற்றி அப்பா பேசுவதில்லை. கேட்டாலும் எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவார். ஆனால் இயந்திரம் திறந்து கிடந்த அன்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். புகை போகும் வாசலைக் கரி பாதியாக அடைத்திருந்தது. பிஸ்ரனின் அந்தப் பக்கத்திலே நெடுக்காக நான்கு கீறல்கள். ஒன்றில் நகம் இறங்கும். அதை விரலால் தடவிவிட்டு, “இது நாவற்குழிப் பாலத்தடியிலை பிடிச்சது,” என்றார்.

1995 ஒக்டோபர் 30 இரவு. வலிகாமம் முழுவதும் தெருவில் நின்றது. எனக்கு வயது பதினைந்து. மாமாவோடு சைக்கிளில் முன்னே போய்விட்டேன். பின்னால் நடந்தது எனக்கு அன்றுவரை தெரியாது. ஆச்சியையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு சனத்துக்குள் மணிக்கணக்காக ஊர்ந்திருக்கிறார். காற்றால் குளிரும் இயந்திரம், ஊர்ந்தால் குளிராது. பிஸ்ரன் பிடித்து நின்றுவிட்டது. ஆச்சியை இறக்காமலே கைதடி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனாராம். “அவ தான் இறங்கி நடக்கிறன் எண்டவ. இறங்கினால் சனத்துக்குள்ளை துலைஞ்சு போடுவா எண்டு விடேல்லை.” சொல்லிவிட்டுக் கீறல்களை மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அதை ஆறவிட்டு உதைத்து ஓட்டியிருக்கிறார். மேலும் சில வருடம் ஓடியது. இந்தக் கீறல்களோடு எப்படி ஓடியது என்பது கடைசல் பட்டறைக்காரருக்கும் வியப்பு. உருளையைக் கால் மில்லிமீற்றரில் சரிசெய்ய முடியவில்லை. அரை மில்லிமீற்றர் பெருப்பித்து, அதற்குரிய 50.5 பிஸ்ரனும் றிங்குகளும் வாங்கினோம். கடைந்த பிறகு வாசல்களின் விளிம்பு கத்திபோல் இருக்கும். அதை மெல்ல மழுக்காவிட்டால் றிங் மாட்டி உடையும். றிங்கின் முனைகள் வாசலுக்கு நேரே திரும்பி வராதபடி பிஸ்ரன் தவாளிப்பில் சிறு ஊசியொன்று இருக்கும். முனைகள் அதிலே பொருந்தவேண்டும். தலையிலுள்ள அம்புக்குறி புகை வாசலைப் பார்க்கவேண்டும். பின்னின் கிளிப்புகளைப் போடுமுன் கீழறையின் வாயைத் துணியால் அடைத்தோம். கிளிப் ஒன்று உள்ளே விழுந்தால் எல்லாவற்றையும் மறுபடி கழற்றவேண்டியதுதான். சீல்கள் எல்லாமே புதிது.

பழைய வண்டிகளைக் கண்ணாடிபோல் மினுக்கிக் காட்சிக்கு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. தாங்கியின் நசிவு அப்படியே இருக்கிறது. பழைய பிஸ்ரனைக் குப்பையோடு ஒதுக்கியபோது அப்பா, “உதை எறியாதை, கழுவி வை,” என்றார். மண்ணெண்ணெயில்தான் கழுவினேன்.

ஏழாவது உதைக்கு இயந்திரம் பிடித்தது. முற்றம் முழுவதும் நீலப்புகை. அம்மா யன்னலைச் சாத்தினார். இவ்வண்டியில் எண்ணெய்க்குத் தனித் தாங்கியும் பம்பும் உண்டு. அப்பா காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “எண்ணெய் கூட. பம்பைக் குறை,” என்றார். புதிதாகக் கடைந்த உருளைக்கு முதல் சில நூறு கிலோமீற்றர் எண்ணெய் சற்றுக் கூடுதலாக இருப்பதே நல்லது என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.