கொங்கிறீற்றினுள்ளே ஒரு காவல்

கடற்கரையை அடுத்த சில கட்டிடங்களின் தூண்களிலே, கம்பி சென்ற வழியே நெடுகப் பிளவு கண்டு செந்நிறக் கறை படிந்திருப்பதை நேயர்கள் பார்த்திருப்பர். சில காலத்தின்பின் அவ்விடம் பெயர்ந்து விழுந்து, துருவேறிய கம்பி வெளியே தோன்றும். கல்லைப்போல் இறுகிய கொங்கிறீற்றினுட் புதைந்த உருக்கைத் துரு எவ்வாறு சென்றடைந்தது? அதனைத் தடுக்கும் மருந்து ஏதும் உண்டா?

சீமெந்து நீருடன் கூடி இறுகும்போது சுண்ணாம்பு தோன்றுகின்றது. அதனாற் கொங்கிறீற்று மிகுந்த காரத்தன்மை அடைகின்றது. அக்காரச் சூழலிலே உருக்கின்மேற் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய ஒட்சைட்டுப் படலம் ஒன்று படர்கின்றது. உருக்குக்கு வாய்த்த கவசம் இதுவே. கடலுப்பிலுள்ள குளோரைட்டு, நுண்டுளைகளின் வழியே நீருடன் ஊர்ந்து கம்பியை அடையுமாயின், அக்கவசம் அங்கங்கே உடைகின்றது. இரும்பு கரைந்து துருவாகின்றது. துருவோ தான் தோன்றிய இரும்பினும் இரண்டு முதல் ஆறு மடங்கு இடங்கொள்ளும். அந்த நெருக்குதலைத் தாங்கமாட்டாமலே கொங்கிறீற்றுப் பிளக்கின்றது.

இதற்குக் கண்ட மருந்துகளுட் சிறந்து விளங்குவது கல்சியம் நைத்திரைற்று. அமெரிக்காவில் 1970களின் பிற்பகுதியில் இது வாணிக முறையிற் கையாளப்படலாயிற்று. கொங்கிறீற்றைக் குழைக்கும்போதே இதன் கரைசலைச் சேர்ப்பர். படலம் உடையத் தொடங்கும் இடத்திலே, கரைய முற்படும் இரும்பைக் குளோரைட்டுக் கவர்ந்துசெல்லுமுன், நைத்திரைற்று அதனை உறுதியான ஒட்சைட்டாக மாற்றிவிடுகின்றது. கிழிந்த கவசம் கிழிந்த இடத்திலேயே தைக்கப்படுகின்றது எனலாம்.

இதன் உறவுப் பொருளான கல்சியம் குளோரைட்டின் வரலாறு வேறு. குளிர் நாடுகளிலே கொங்கிறீற்று விரைவில் இறுகுவதற்காக அதனைப் பல்லாண்டு சேர்த்துவந்தனர். உள்ளிருந்த கம்பிகள் துருப்பிடித்தமை கண்டபின்னரே, பிரித்தானியாவில் 1977இல் விதிக்கோவை திருத்தப்பட்டு, கம்பியிட்ட கொங்கிறீற்றில் அதனைச் சேர்ப்பது விலக்கப்பட்டது.

மருந்துக்கு அளவு உண்டு. நூற்றுக்கு 30 வீதக் கரைசலாயின், ஒரு கனமீற்றர் கொங்கிறீற்றுக்கு 10 முதல் 30 லீற்றர் வரை சேர்ப்பது வழக்கம். கட்டிடத்தின் வாழ்நாளிற் கம்பியை எவ்வளவு குளோரைட்டு வந்தடையும் என்று கணித்தே அளவைத் தீர்மானித்தல் வேண்டும். குறைவாக இட்டால், காவலற்ற சில புள்ளிகளில் அரிப்பு ஆழமாகப் பாயக்கூடும். நைத்திரைற்றும் இறுகுதலை விரைவாக்குமாதலின், வெப்ப நாடுகளிலே தாமதப்படுத்தும் பொருளொன்றையும் உடன் சேர்க்க நேரும்.

எனினும், மருந்தை நம்பிப் பத்தியத்தைக் கைவிடுதல் ஆகாது. நைத்திரைற்று உப்பின் வரவை நிறுத்துவதில்லை. வந்த உப்புடன் போராடிச் செலவாகின்றது. பிளவுகளின் வழியே நீர் புகுந்தால், அது கரைந்தும் போய்விடும். ஆகவே, நீர் குறைத்துக் குழைத்த செறிவான கலவை, கடற்காற்றுப் படும் இடங்களிற் கம்பிக்கு வெளியே 50 மில்லிமீற்றர் அளவான கொங்கிறீற்று மூடல், இறுகும் நாட்களில் ஈரங்காயாது பேணுதல் ஆகிய மூன்றுமே முதற் காவல்கள். கடல் மணலும் கட்டிட வேலைக்குப் பயன்படும் இலங்கையில், அம்மணலின் உப்பைக் கழுவி அகற்றுதல் இவற்றோடு சேரவேண்டிய நான்காவது காவலாகும்.

தூணின் ஆயுள் பெரும்பாலும் அது வார்க்கப்படும் நாளிலேயே தீர்மானமாகின்றது. அன்று கலவையில் அளவுக்கு மிஞ்சி ஊற்றிய ஒரு வாளி நீரால் விளைந்த கேட்டைப் பின்னர் எந்த மருந்தும் முற்றாக மாற்றிவிடாது.